“காத்து எந்தப் பக்கம் அடிக்குது?”

பரண் மேல் உட்கார்ந்த வேட்டைக்காரர்கள், தங்கள் உடல் வாசனையை மறைக்கப் படாத பாடு பட்டார்கள். வேட்டைக்கு 1972-லேயே தடை வந்துவிட்டது. ஆனால், பரண் இருக்கிறது. அந்தப் பழைய வித்தையும் இருக்கிறது. இன்று அது உயிரை எடுக்க அல்ல, காக்கப் பயன்படுகிறது!

சுங்குவார்சத்திரத்தில் ராத்திரி ஷிஃப்ட் மாறும் நேரம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையோரம் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. சீருடை போட்ட பையன்களும் பெண்களும் இறங்கி டீக்கடையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அந்தத் தம்பியைப் பார்த்தேன். வயது 24. எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர், கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டை ஒட்டிய ஒரு சின்ன கிராமம்.

கையில் டீ கிளாஸ், காதில் செல்போன். மறுமுனையில் அவருடைய அப்பா. கிசுகிசுப்பான குரலில் பேசுகிறார் என்பது இவர் காதை அழுத்திக்கொண்டு நிற்பதிலேயே தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “சரிப்பா... சரிப்பா... வெச்சிடறேன்” என்று கட் செய்துவிட்டார்.

“என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரம் முடிச்சிட்டீங்க?” என்றேன்.

“அப்பா பரண் மேல இருக்காருண்ணா. ராகி முத்திடுச்சு. கீழ ஏதோ சத்தம் கேக்குதாம். அப்புறம் பேசறேன்னாரு.”

கீழே சத்தம் என்றால் யானை.

நாம் நின்றுகொண்டிருந்த அதே சாலையில் நேராகப் போனால் காஞ்சிபுரம், வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர். இந்த முனையில் ரோபோ கைகள் சர்க்யூட் போர்டு பொருத்துகின்றன. அந்த முனைக்குப் பக்கத்தில் ஒரு அப்பா, மரத்தின் மேல் நாலு கட்டையைக் கட்டிக்கொண்டு, டார்ச் லைட்டோடு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி தொடர்ந்து சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. “லீவுக்கு ஊருக்குப் போனா, மெயின் ரோட்டுல இறங்கி வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும்ணா. பஸ்ஸைவிட்டு இறங்கினதும் அப்பாவுக்கு போன் பண்ணணும். அவர் கேக்கிற முதல் கேள்வி, ‘சாப்பிட்டியா’ இல்ல... ‘காத்து எந்தப் பக்கம் அடிக்குது?’”

வள்ளி உட்கார்ந்த பரண்

பரண் நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனம் காத்தது இதன் மேல் உட்கார்ந்துதான். ‘இதணம்’ என்று அதற்குப் பெயர். கையில் கவண், தட்டை, குளிர் என்று கிளி விரட்டும் கருவிகள். சுங்குவார்சத்திரத்துக்காரர்கள் கிருத்திகைக்குப் போகிற வல்லக்கோட்டை முருகன் கோயிலில், சுவாமிக்குப் பக்கத்தில் நிற்கும் வள்ளியும் பரண் மேல் இருந்த பெண்தான். முருகன் வேடனாக வந்து பேச்சுக்கொடுத்ததும், காரியம் ஆகாமல் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்ததும் அந்தத் தினைப்புனத்தில்தானே!

அதே பரணை வேட்டைக்கும் பயன்படுத்தினார்கள். ஆங்கிலேய அதிகாரிகளும் மகாராஜாக்களும் எழுதிய வேட்டைப் புத்தகங்களில் இதற்கு இந்திச் சொல்தான் இருக்கும்: மச்சான். அவற்றைத் தமிழில் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ‘துரை, மச்சான் மேல் ஏறி உட்கார்ந்தார்’ என்றால் வேறு அர்த்தம் ஆகிவிடுமே!

அந்தத் தம்பியின் ஊர்ப்பக்கம்கூட வேட்டை இலக்கியத்தில் இடம்பெற்ற பூமிதான். பெங்களூருவில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910 - 1974), 1954-ல் வெளியிட்ட தன் முதல் புத்தகத்தில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலியைப் பற்றி எழுதினார். அப்போது சேலம் மாவட்டமாக இருந்த அந்தப் பகுதி, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். ஆண் புலியைப்போலக் குரல் கொடுத்து அந்தப் பெண்புலியை வரவழைத்தார் ஆண்டர்சன்.

குரலை மாற்றிவிடலாம். உடம்பைப் போர்வையால் மூடிவிடலாம். இருமலைக்கூட அடக்கிவிடலாம். பரண் மேல் இருப்பவரால் அடக்க முடியாத ஒன்று உண்டு... அவருடைய வாசனை.

வியர்வைக்கு வாசனை கிடையாது!

கேட்க ஆச்சர்யமாக இருக்கும். புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு ஏறக்குறைய வாசனையே கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் ‘வியர்வை நாற்றம்’ பிறக்கிறது. அக்குளில் இருக்கும் ஒருவகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த நீரைச் சுரப்பதால், பாக்டீரியாக்களுக்கு அங்கே விருந்து.

அதோடு முடியவில்லை. நம் உடம்பிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஆயிரக்கணக்கான தோல் செதில்கள் உதிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் காற்றில் மிதந்து செல்கின்றன. மூச்சுக்காற்று, தலைக்குத் தடவிய எண்ணெய், துணி சோப்பு, பீடி, காலையில் சாப்பிட்ட பூண்டு எல்லாம் இதில் சேர்ந்துகொள்கின்றன. ஒவ்வொருவரும் ஒரு வாசனை மேகத்தோடுதான் நடமாடுகிறோம். நமக்குத்தான் அது தெரிவதில்லை.

யானைக்குத் தெரியும். 2014-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பல விலங்குகளின் மரபணுக்களில் வாசனையை உணர உதவுபவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்கள். மனிதனிடம் சுமார் 400. நாயிடம் சுமார் 800. ஆப்பிரிக்க யானையிடம் ஏறத்தாழ 2,000! அவர்கள் ஆராய்ந்த விலங்குகளிலேயே அதுதான் அதிகம்.

கென்யாவின் அம்போசெலியில் நடந்து, 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அங்கே மாசாய் இன இளைஞர்கள் ஈட்டியால் யானையைக் குத்துவது உண்டு. கம்பா இனத்தவர் விவசாயிகள், அவர்களால் யானைக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. இரு தரப்பினரும் உடுத்திய துணிகளை யானைகள் இருக்கும் இடத்தில் வைத்தார்கள். மாசாய் துணியின் வாசனை பட்டதும் யானைகள் வேகமாகவும் வெகுதூரமும் ஓடின. கம்பா துணிக்கு அவ்வளவு பயப்படவில்லை. அங்கே மனிதர்கள் யாரும் நிற்கவில்லை. துணியின் வாசனையே போதுமானதாக இருந்தது. ‘மனிதன்’ என்று மட்டுமல்ல, ‘எந்த மனிதன்’ என்றும் யானையின் மூக்குக்குத் தெரிகிறது.

நம் ஊரில் சாட்சிக்கு அரிக்கொம்பன் இருக்கிறான். கேரளாவின் சின்னக்கானலில் அரிசிக்காகவே ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்துப் பெயர் வாங்கிய யானை. 2023-ல் தேனி மாவட்டம் கம்பத்துக்குள் புகுந்து, கடைசியில் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விடப்பட்டான். சுவருக்குப் பின்னால், மூட்டைக்குள் இருக்கும் அரிசியையே மோப்பம் பிடிக்கிற மூக்கு அது. வியர்த்துப்போய் நடந்து வருகிற ஆளைக் கண்டுபிடிக்காதா?

கார்பன் சட்டை, ஓசோன் மெஷின்

இந்த வாசனையை எப்படி ஒழிப்பது என்று அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அமெரிக்க வேட்டைக்காரர்கள். அங்கே மான் வேட்டை, உரிமம் வாங்கிக்கொண்டு செய்கிற சட்டபூர்வமான விஷயம். இலையுதிர் காலத்தில் பதினைந்து, இருபது அடி உயரத்தில் மரத்தோடு ஓர் இருக்கையைக் கட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருப்பார்கள்.

அவர்களுக்காகவே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. வாசனை இல்லாத சோப்பு, வாசனை இல்லாத துணித்தூள், உடையை வைக்கக் காற்றுப்புகாத பெட்டி, வாசனையைச் சிதைக்கும் ஓசோன் மெஷின், வாசனையை உறிஞ்சும் கார்பன் கலந்த சட்டை... மனித வாசனையை அமுக்குவதற்காக நரியின் சிறுநீரைக்கூட பாட்டிலில் விற்கிறார்கள். வாங்கிப் பூட்ஸில் தடவிக்கொள்கிறார்கள்!

பலன் உண்டா? 2002-ல் அங்கே வெளியான ஓர் ஆய்வில், சிலருக்குக் கார்பன் உடையும் சிலருக்குச் சாதாரண உடையும் அணிவித்து ஒளியவைத்தார்கள். பயிற்சி பெற்ற தேடல் நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். கார்பன் உடைக்காரர்களையும் நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. உடையைவிட அன்றைய வானிலைதான் நாய்களின் வேலையைக் கூட்டியது, குறைத்தது.

அனுபவமுள்ள அமெரிக்க வேட்டைக்காரர்கள் சொல்வதும் அதுதான். குளி, துணியைச் சுத்தமாக வை. ஆனால், காற்று மானின் பக்கம் வீசினால் அன்றைக்குப் பரண் ஏறாதே, வீட்டுக்குப் போ. அதனால்தான் ஒரே இடத்தைச் சுற்றி, காற்று வீசும் திசைக்கு ஒன்றாக, இரண்டு மூன்று பரண்கள் வைத்திருப்பார்கள்.

பகல் காற்று மேட்டுக்கு, ராத்திரி காற்று பள்ளத்துக்கு

‘உயரத்தில் உட்கார்ந்தால் வாசனை தலைக்கு மேலேயே போய்விடாதா?’ என்று கேட்கலாம். கொஞ்ச தூரத்துக்குப் போகும். அப்புறம் கீழே இறங்கும். எங்கே, எப்போது இறங்கும் என்பதுதான் சூட்சுமம்.

மலைச்சரிவில் வெயில் ஏறும்போது தரை சூடாகி, அதைத் தொட்ட காற்றும் சூடாகி மேலே எழும்பும். அதனால் பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கிப் போகும். பொழுது சாய்ந்ததும் கதை மாறும். தரை குளிர்கிறது, குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் வழிவதுபோலச் சரிவில் இறங்கி, ஓடைக்கும் பள்ளத்துக்கும் போய்ச் சேருகிறது. ஓடைக்கரை மரத்தின் மேல் பகலெல்லாம் பத்திரமாக இருந்தவரின் வாசனை, சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் குடிக்க வரும் மிளா மானின் மூக்கில் போய் உட்கார்ந்துவிடும். அது காலைத் தரையில் உதைத்து ஒரு குரல் கொடுக்கும். அவ்வளவுதான், காடு முழுவதும் உஷார்!

மிளா, புள்ளிமான், காட்டெருமை, கரடி, காட்டுப்பன்றி... எல்லாமே மூக்கை நம்பி வாழ்பவை. கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்கு அபாரம். காட்டில் வேலை செய்பவர்கள் ஒரு சிட்டிகை மண்ணையோ சாம்பலையோ விரலிடுக்கில் எடுத்து உதிர்த்துப் பார்ப்பார்கள். அது சாயும் பக்கம்தான் நம் வாசனையும் போகிறது.

புலி செய்யும் தப்புக்கணக்கு

புலி விஷயத்தில் மட்டும் பழைய வேட்டைக்காரர்கள் கொஞ்சம் அலட்சியமாக இருந்தார்கள். புலிக்கு மோப்பம் மிகக் குறைவு என்று அவர்களில் பலர் நம்பினார்கள். அதனால், புலிக்காகப் பரண் ஏறும்போது அசைவும் சத்தமும்தான் அவர்களுக்குப் பெரிய கவலை.

புலியின் மூக்கு அப்படியொன்றும் மட்டமில்லை. மரத்தில் வாசனை நீரைப் பீய்ச்சி ‘இது என் ஏரியா’ என்று எல்லை குறிக்கிற விலங்கு அது. 2018-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் ‘அவ்னி’ என்ற பெண்புலியைப் பிடிக்க, வனத்துறையினர் பிரபலமான ஆண்கள் சென்ட் ஒன்றைக் காட்டில் தெளித்து வைத்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்த சென்ட் வாசனையில் பூனை இன விலங்குகள் நெடுநேரம் மயங்கி நிற்பதை நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் முன்பே சோதித்திருந்தார்கள். ஆனாலும் அவ்னி உயிரோடு பிடிபடவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டாள்.

புலியையும் காற்றையும் சேர்த்துப் புரிந்துகொண்டவர் ஜிம் கார்பெட். குமாவுன் மலையின் ஆட்கொல்லிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் அவர் சொல்லும் ஒரு விஷயம் மிக நுட்பமானது. மனிதனுக்கு மோப்ப சக்தி இல்லை என்பது புலிக்குத் தெரியாது! மானை எப்படி வேட்டையாடுமோ, அப்படியேதான் மனிதனையும் வேட்டையாடும். தன் வாசனை இரைக்கு எட்டிவிடக் கூடாது என்று, எதிர்க்காற்றில்தான் நெருங்கும். காற்று போய்ச் சேரும் பக்கத்தில்தான் பதுங்கும்.

அப்படியென்றால், காற்று முகத்தில் அடித்தால் ஆபத்து முதுகுப்பக்கம். கார்பெட் நேராக நடக்காமல், காற்று ஒருமுறை இடது கன்னத்திலும் ஒருமுறை வலது கன்னத்திலும் படும்படி வளைந்து வளைந்து நடந்தார். மனிதனுக்கு மோப்பம் இல்லை என்பது புலிக்குத் தெரியாததுதான் அவருக்குக் கவசம்.

பரண் மேல் மயக்க ஊசி

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. புலி, யானை போன்ற முதல் பட்டியல் விலங்குகளை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள்வரை சிறை. துப்பாக்கியோடு பரண் ஏறும் காலம் முடிந்தது.

பரண் முடியவில்லை. 2021 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நீலகிரி மாவட்டம் கூடலூர், மசினகுடி பகுதிகளை நடுங்கவைத்த டி23 புலியை ஞாபகம் இருக்கிறதா? மனிதர்களையும் மாடுகளையும் கொன்ற அந்தப் புலியை உடனே சுட்டுவிட வேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். ட்ரோன், கேமரா, மோப்ப நாய், கும்கி யானை எனப் படையே இறங்கியது. அத்தனை நவீனத்துக்கு நடுவே, மரங்களில் பரண் கட்டி ஆட்கள் காத்திருந்தார்கள். துப்பாக்கியில் தோட்டாவுக்குப் பதில் மயக்க ஊசி. 21 நாள் தேடலுக்குப் பிறகு, அக்டோபர் 15 அன்று புலி உயிரோடு பிடிபட்டு, மைசூருக்குச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது.

வாசனையே காவல்!

இப்போது தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பரணுக்கு வருவோம்.

நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை, கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் வருவது வழக்கம். ராகி விளைந்து நிற்கும் காலமும் அதுதான். இங்கே பரண் மேல் இருக்கும் விவசாயி, வேட்டைக்காரருக்கு நேர் எதிர். அவர் ஒளிய விரும்பவில்லை. ‘நான் இங்கே இருக்கிறேன், நீ வேறு பக்கம் போ’ என்று யானைக்குச் சொல்ல விரும்புகிறார். அதற்குத்தான் தீ மூட்டம், தகர டப்பா, கூச்சல், டார்ச் வெளிச்சம் எல்லாம்.

காட்டுப்பன்றிக்கு மனித வாசனையையே வேலியாகப் போடுகிறவர்களும் உண்டு. சலூனில் சேரும் முடியை மூட்டையாக வாங்கிவந்து வயல் வரப்பில் தூவுவார்கள். தரையை முகர்ந்தபடியே வரும் பன்றி, மனித வாசனையில் மிரளும். மூக்கில் முடி ஏறித் தடுமாறும். ஆனால், மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். நாளாக நாளாகப் பன்றிக்கும் பழகிவிடும். யானையும் அப்படித்தான், வாசனைக்குப் பின்னால் ஆபத்து இல்லை என்று தெரிந்துகொண்டால், வாசனையைச் சட்டை செய்யாது. அதனால்தான் பரணில் ஆள் இருந்தாக வேண்டியிருக்கிறது.

பரணைவிட ஆபத்தானது, பரணுக்குப் போகிற பாதை. அந்த அப்பாவின் கேள்விக்கு அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

காட்டு யானை பெரும்பாலும் மனித வாசனை பட்டதும் ஒதுங்கிப்போகும், அல்லது தும்பிக்கையைத் தூக்கி மோந்து பார்த்து நிதானிக்கும். எதிர்பாராமல், பத்தடி தூரத்தில் மனிதனைப் பார்க்கும்போதுதான் விபரீதம். அப்படித் திடீர்ச் சந்திப்பு எப்போது நடக்கும்? காற்று யானையிடமிருந்து நம் பக்கம் வீசும்போது. நாம் வருவது யானைக்குத் தெரியாது. அதன் வாசனை நம்மிடம் வந்தாலும், நம் மூக்குக்கு அது உறைக்காது.

தம்பியின் கிராமம் மேட்டில் இருக்கிறது. பஸ் நிற்கும் மெயின் ரோடு பள்ளத்தில். பொழுது சாய்ந்தால் காற்று மேட்டிலிருந்து இறங்கும். ராத்திரி வீட்டுக்கு நடக்கிறவருக்குக் காற்று முகத்தில் அடிக்கும். வேட்டைக்காரர் என்றால், இதைவிட நல்ல காற்று கிடையாது என்று சந்தோஷப்படுவார். வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு, இதைவிட மோசமான காற்று கிடையாது.

“காத்து முதுகுல அடிச்சா, ‘சரி, பேசிக்கிட்டே வா’ம்பாரு. மூஞ்சில அடிச்சா, ‘நீ அங்கயே நில்லு கண்ணு, நான் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றேன்’ம்பாரு. சின்ன வயசுல இது அப்பாவோட பயம்னு நினைச்சேன். இங்க வேலைக்கு வந்தப்புறம்தான் யோசிச்சுப் பார்த்தேன். எங்க லைன்ல சென்சார் இருக்குல்லண்ணா, எங்க ஊர்ல அப்பாதான் சென்சார்” என்று சிரித்தார் தம்பி.

சிரித்தாலும் விஷயம் சின்னதல்ல. இந்தியாவில் சமீப ஆண்டுகளில் யானைகளால் உயிரிழப்பவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 பேர். சில ஆண்டுகளில் அது 600-ஐயும் தாண்டுகிறது. இவர்களில் பலரும் வேட்டைக்குப் போனவர்கள் அல்ல. வயலுக்கும், விறகுக்கும், பால் ஊற்றவும், பஸ் பிடிக்கவும் போனவர்கள்.

காட்டோரம் போகிறீர்களா?

ஏலகிரி, ஏற்காடு, ஒகேனக்கல், முதுமலை என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும் இளைஞர்களுக்கும், காட்டையொட்டிய ஊருக்கு லீவில் போகிறவர்களுக்கும் இவை பயன்படும்.

• விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் காட்டுப்பாதையில் நடக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால், தனியாகப் போகாதீர்கள்.

• நடக்கும் முன் ஒரு பிடி மண்ணை உதிர்த்துப் பாருங்கள். காற்று முகத்தில் அடித்தால், முன்னால் இருக்கும் விலங்குக்கு நீங்கள் வருவது தெரியாது. பேசிக்கொண்டும், தடியால் தட்டிக்கொண்டும், டார்ச் அடித்துக்கொண்டும் போங்கள்.

• காதில் இயர்போன் வேண்டாம். மூக்கு நமக்கு உதவாது. காதையும் அடைத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

• வளைவுகளிலும் புதர்களுக்குப் பக்கத்திலும் நின்று கவனியுங்கள். கிளை ஒடியும் சத்தமும், சூடான சாணமும் எச்சரிக்கை.

• யானை தென்பட்டால் செல்ஃபி, ஹாரன், கல்லெறிதல் எதுவும் கூடாது. வந்த வழியே அமைதியாகப் பின்வாங்குங்கள். துரத்தினால், தோளில் இருக்கும் துண்டையோ பையையோ எறிந்துவிட்டு ஓடச் சொல்கிறார்கள் காட்டோரம் வாழ்கிறவர்கள். உங்கள் வாசனை உள்ள பொருளை முகர்ந்து பார்க்க யானை நின்றால், அந்தச் சில நொடிகள் உங்களுக்கு லாபம்.

• காட்டோர வீட்டில் அரிசி, உப்பு, பலாப்பழம், ஊறல் போன்றவற்றை மூட்டையாகச் சேர்த்துவைப்பது யானைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல.

• அந்தப் பகுதி வனத்துறை அலுவலக எண்ணைச் செல்போனில் பதிந்துவையுங்கள். யானை நடமாட்டம் பற்றி அவர்கள் அனுப்பும் தகவலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மீண்டும் சுங்குவார்சத்திரம்

பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு டீ முடிந்திருந்தது. தம்பியின் கண் செல்போனிலேயே இருந்தது. இருபது நிமிடம் கழித்துத்தான் மணி அடித்தது.

“போயிடுச்சாப்பா? எத்தனை? மூணா? ராகி?” வரிசையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “கால் ஏக்கர் போனா போகட்டும்ப்பா, நீ விடியறவரைக்கும் இறங்காத” என்றார். போனை வைத்ததும், அதுவரை உயர்ந்திருந்த தோள் மெல்ல இறங்கியது.

ரூமுக்குக் கிளம்பினார். தெருமுனையில் படுத்திருந்த நாய் ஒன்று இருட்டில் தலையைத் தூக்கியது. வருவது யாரென்று பார்க்கக்கூட இல்லை. மூக்கை மட்டும் ஒருமுறை உயர்த்தியது. வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“பார்த்தீங்களாண்ணா, காத்து என் முதுகுப்பக்கம்” என்றார் தம்பி.